பெட்டிக்குள் இருக்கும் சூட்சுமம்

பிற்பகல் மூன்று மணிக்கு தில்லி கரோல் பாகின் கார் சாமான் சந்துகளில் நடப்பவர் கண்ணில் முதலில் படுவது கால்கள்தான். திறந்த டிக்கிக்குள் இடுப்புவரை நுழைந்து, வாயில் பென்சிலைக் கவ்விக்கொண்டு, அளவு டேப்பை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு பையனின் கால்கள். காரின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று, புதிதாக வாங்கிய 12 அங்குல சப்வூஃபரை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பணத்தில் பெரும் பங்கு அதற்குத்தான் போயிருக்கிறது. பையன் அளந்துகொண்டிருக்கும் மரப்பெட்டியைப் பற்றி அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "எப்போது முடியும்?"

நாளை அவர் கார் எப்படிப் பாடப்போகிறது என்பதில் பாதி அந்தப் பையனின் டேப்பில் இருக்கிறது. வூஃபர் என்று இறக்குமதியான சொல் வட இந்தியக் கடைத்தெருவில் 'பஃபர்' ஆகி, அது எவ்வளவு பெரிசு, எத்தனை வாட், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் கல்லூரி மாணவர்களின் பேச்சில் அடிபடுகிறது. பெட்டிக்கு மட்டும் பெயரும் இல்லை, கம்பெனியும் இல்லை. பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் இதே கதைதான். பெட்டி என்பது வூஃபரைச் சாத்தி வைக்க ஒரு மரச்சட்டம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள்.

பெட்டி இல்லாமல் வூஃபரை மேஜைமேல் மல்லாக்க வைத்து ஒலிக்கவிட்டால் விஷயம் விளங்கும். கூம்பு படபடவென்று துடிக்கும். ஆனால் மிருதங்கத்தின் தொப்பி போல வயிற்றில் விழ வேண்டிய ஒலி வராது. கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. தாழ்ந்த ஒலியின் அலை மிக நீளமானது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம். நம்மூர்ச் சின்னக் கார்கள் இரண்டை வரிசையாக நிறுத்தினாலும் அதற்குள் அடங்கிவிடும். அவ்வளவு நீள அலைக்கு 12 அங்குலத் தகடு ஒரு தடையே அல்ல. ஆகவே பின்பக்கத்து ஒலியைப் பிடித்து அடைக்க வேண்டும், அல்லது அதை நல்வழிப்படுத்தி முன்பக்கத்தோடு சேர்த்துவிட வேண்டும். முதலாவது மூடிய பெட்டி, இரண்டாவது குழாய் வைத்த பெட்டி. தொழிலே இந்த இரண்டுக்குள் அடக்கம்.

இந்தத் தொழிலைக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் இந்தச் சந்துதான். ஐ.டி.ஐ.களில் தச்சு வேலை ஒரு பிரிவு, மின்னணுவியல் இன்னொரு பிரிவு. இரண்டும் சேர்ந்த வேலையைக் கற்க, உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வரும் பையன் ஒரு உஸ்தாதைத்தான் பிடிக்க வேண்டும். முதல் சில மாதங்கள் டீ வாங்குவது, கடை பெருக்குவது, வண்டியின் சீட்டைக் கழற்றுவது, கதவின் பிளாஸ்டிக் உறையை கிளிப் உடையாமல் பிரித்தெடுப்பது. பிறகு பானெட்டிலிருந்து டிக்கிவரை வயர் இழுப்பது. ரம்பத்தை அவன் கையில் கொடுப்பது இதற்கெல்லாம் அப்புறம்தான். சஹரான்பூர் பக்கத்திலிருந்து வந்த பையனாக இருந்தால் கொஞ்சம் முன்கூட்டியே கிடைக்கலாம். மரச் செதுக்கு வேலைக்குப் பேர்போன ஊர் அது.

அளவுகளின் மொழியே வேறு. தமிழ்நாட்டு ஆசாரி அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை 'நூல்' என்பார். இந்தி பேசும் மிஸ்திரி அதையே 'சூத்' என்கிறார். அதற்கும் அர்த்தம் நூல்தான். ஆனால் பெட்டிக்கு வாங்கும் எம்.டி.எஃப். பலகை மில்லிமீட்டரில் வருகிறது. வழக்கமான கனம் 18 மி.மீ., அதாவது ஆறு நூலுக்குச் சற்றுக் குறைவு. எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்று ஏறத்தாழ 40 கிலோ. பார்ட்டிகிள் போர்டு மலிவு, ஆனால் ஓரம் உதிரும், ஆணி பிடிக்காது. நல்ல பிளைவுட் உறுதி, எடையும் குறைவு, விலைதான் ஏறும். எம்.டி.எஃப். கனமானது, சீரானது, உள்ளே இடுக்கு இல்லாதது. தட்டினால் மந்தமாக ஒலிக்கும். பெட்டிக்கு வேண்டியது அந்த மந்தம்தான். பாட வேண்டியது கூம்பு. பலகை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

பையன் செய்யும் முதல் தப்பு பெரும்பாலும் கணக்குத் தப்பு. டிக்கியில் 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம், 35 செ.மீ. உயரம் இருக்கிறது. மூன்றையும் பெருக்கினால் 84 லிட்டர். சரி என்று பலகையை அறுத்துவிடுவான். ஆனால் ஒலிக்கு வெளி அளவோடு சம்பந்தமில்லை. ஒவ்வொரு பக்கமும் 18 மி.மீ. கழித்தால் உள்ளே மிஞ்சுவது 64 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். வெறும் பலகைக் கனம் 20 லிட்டரை விழுங்கிவிட்டது! காந்தம் அடைக்கும் இடம், உள்ளே குறுக்கே வைக்கும் தாங்குகட்டை, குழாய் இருந்தால் குழாய் என்று போகப் போகப் பெட்டி 60 லிட்டருக்கும் கீழே வந்துவிடும். பின்சீட்டின் சாய்வுக்கு ஏற்றபடி பெட்டியின் முதுகைச் சாய்த்தால் மேல் ஆழத்தையும் கீழ் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். இதெல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்கு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு வந்தவனுக்கு அந்தக் கணக்கு இப்படிப் பயன்படும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இருபது லிட்டர் போனால் என்ன குடிமுழுகிவிடும்? இங்கேதான் அந்த அட்டைப் பெட்டிக்குள் கிடந்த தாள் வருகிறது. நல்ல வூஃபர் எதுவானாலும் ஒரு தாளில் சில எண்களை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். சந்தில் அந்தத் தாள் தெர்மகோலோடும் பிளாஸ்டிக் உறையோடும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. அதில் இருக்கும் மூன்று எண்கள் முக்கியம். எஃப்.எஸ். என்பது வூஃபரைப் பெட்டியில் அடைக்காமல் தட்டினால் அது எந்த வேகத்தில் அதிரும் என்பது. வி.ஏ.எஸ். என்பது எத்தனை லிட்டர் காற்றின் விறைப்பு அதன் தொங்கலின் விறைப்புக்குச் சமம் என்பது. க்யூ.டி.எஸ். என்பது ஆட்டிவிட்டால் அது எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது. எண் குறைவாக இருந்தால் பிடிப்பு அதிகம்.

எஃப்.எஸ். 28, வி.ஏ.எஸ். 60 லிட்டர், க்யூ.டி.எஸ். 0.5 உள்ள ஒரு வூஃபர் என்று வைத்துக்கொள்ளலாம். மூடிய பெட்டிக்கான கணக்கு சுலபம்: வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வரும் விடையால் மற்ற இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். பெட்டி 60 லிட்டரானால் விடை 1.414. அதிர்வு 28-லிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது, 0.5 என்பது 0.707 ஆகிறது. கணக்குப் போடுகிறவர்களின் செல்ல எண் இந்த 0.707. ஒலி மேடு பள்ளமில்லாமல் வரும். அதே வூஃபரை, "டிக்கியில் இடம் போகக் கூடாது பாயி" என்ற வாடிக்கையாளருக்காக 20 லிட்டர் பெட்டியில் திணித்தால் விடை 2. அதிர்வு 56 ஹெர்ட்ஸ், மற்ற எண் 1. இப்போது 56-ஐ ஒட்டி ஒரு மேடு கிளம்பிவிட்டது. அதற்குக் கீழே சரிவு. முதல் நாள் வாடிக்கையாளருக்கு சந்தோஷமாகத்தான் இருக்கும். கும் என்று இருக்கிறதே! ஒரு வாரம் போனால்தான் தெரியும், எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே கும். பேஸ் கிட்டார் ஏறினாலும் இறங்கினாலும் பெட்டி தனக்குத் தெரிந்த ஒரே சுரத்தைத்தான் பாடிக்கொண்டிருக்கும்.

இதில் காருக்கென்று ஒரு சலுகை உண்டு. வீட்டுக் கூடத்தில் மூடிய பெட்டியின் தாழ்ந்த ஒலி போகப் போகத் தேய்ந்துவிடும். கார் மிகச் சின்ன அறை. அலையின் நீளம் அறையைவிடப் பெரிதாகும்போது ஒலி அலையாக ஓடுவதில்லை, அறை முழுவதையும் ஒரே சமயத்தில் அமுக்கி விடுகிறது. தாழத் தாழ அந்த அமுக்கம் கூடுகிறது. பெட்டி எதை இழக்கிறதோ அதில் பெரும் பகுதியைக் கார் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் சரியாக அளந்த சின்ன மூடிய பெட்டி காரில் ஆச்சரியப்படுத்துகிறது. ஆனால் அதை விற்பது கஷ்டம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஒரு பெட்டி, ஒரு ஓட்டை, அவ்வளவுதான்.

கடைத்தெருவுக்குப் பிடித்தது குழாய் வைத்த பெட்டி. சத்தம் அதிகம், கையை நீட்டினால் குழாய் வழியே காற்று வீசும், நண்பர்களுக்குக் காட்டலாம். இதன் தத்துவம் தெரியாத தமிழர் இல்லை, பெயர்தான் தெரியாது. குழாயடியில் குடம் நிறையும்போது ஒலி மெல்ல மெல்ல ஏறுவதைக் கேட்டே குடம் நிரம்பிவிட்டதா என்று சொல்வார்கள். கடம் வாசிக்கிறவர் பானையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் ஒலியின் ஆழத்தை மாற்றுகிறார். உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். வாயில் நிற்கும் காற்று அதன்மேல் ஆடும் ஒரு எடை. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ம் நூற்றாண்டில் இதற்குக் கணக்கு எழுதினார். பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ் இதை ஒலிபெருக்கிப் பெட்டியில் பொருத்தி 1932-ல் காப்புரிமை பெற்றார்.

ஆனால் குழாய் பொல்லாதது. 50 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸில் பேச வைக்க, 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் சுமார் 31 செ.மீ. நீளம் வேண்டும். சந்தில் நடப்பது வேறு. நாலு அங்குல பி.வி.சி. பைப் துண்டு ஒன்று கிடக்கும், அரை அடி நீளத்தில். அதைச் செருகினால் பெட்டி 46 ஹெர்ட்ஸில் பேசும். காதுக்கு இன்னும் பலமாகவே கேட்கும், அதுதான் ஆபத்து. குழாய்ப் பெட்டியில் அந்த எண்ணுக்குக் கீழே வரும் ஒலிக்குக் காற்றின் பிடிப்பே இல்லை. பெட்டி இல்லாத வூஃபர் மாதிரி கூம்பு கட்டுக்கடங்காமல் தாவும். இன்றைய பஞ்சாபி, இந்தி ரீமிக்ஸ் பாட்டுகளில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரக்கு ஏராளம். கூம்பு தாவித் தாவி, காந்த இடுக்கில் இருக்கும் காயில் அடியில் போய் முட்டும். ஒரு நாள் கருகிய வாடை வரும். வாடிக்கையாளர் கடைக்கு வந்து கம்பெனியைத் திட்டுவார். கடைக்காரர், வால்யூமைக் கண்டபடி வைத்தால் இப்படித்தான் என்பார். அரையடிப் பைப்பைப் பற்றி இருவருமே பேச மாட்டார்கள்.

ஒரு காலத்தில் உலகமே இப்படித்தான் பெட்டி செய்துகொண்டிருந்தது. அறுப்பது, ஒட்டுவது, கேட்பது, சரியில்லையென்றால் மறுபடி அறுப்பது. அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் 1954-ல் மூடிய பெட்டியின் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி, சின்னப் பெட்டியிலும் ஆழமான ஒலி வரும் என்று காட்டினார். 1961-ல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் குழாய்ப் பெட்டிக்கு முறையான கணக்கை எழுதினார். அது பத்து ஆண்டுகள் அதிகம் பேர் கவனிக்காமல் கிடந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதிய பிறகு, வூஃபர் செய்கிறவர்கள் எல்லோரும் அந்த எண்களை அச்சிட ஆரம்பித்தார்கள். குப்பைக்குப் போகும் அந்தத் தாளில் இருப்பது இவர்கள் இருவரின் உழைப்புதான். நமது சந்துகளில் பல இன்னும் 1961-க்கு முந்திய காலத்தில் இருக்கின்றன.

இதற்காக உஸ்தாதை ஏளனம் செய்வது நியாயமல்ல. அவருக்குத் தெரிந்ததில் பாதி எந்தத் தாளிலும் கிடையாது. பலகையின் ஓரத்தில் நேராக ஆணி திருகினால் எம்.டி.எஃப். பிளந்துகொள்ளும், முதலில் சின்னத் துளை போட வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். விரல் முட்டியால் பலகையைத் தட்டிக்கொண்டே போய், எந்த இடத்தில் ஒலி டொக்கென்பதிலிருந்து டம்மென்று மாறுகிறதோ அங்கே குறுக்குக் கட்டை வைக்கச் சொல்வார். பெட்டியை மூடியபின் கூம்பை இரு கையாலும் மெல்ல அமுக்கிவிட்டு விடுவார். அது நிதானமாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம். சட்டென்று வந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டுகளின் ஓரமாக நகர்த்தினால் புகை நடுங்கும் இடத்தில் கசிவு. பலகை மூட்டுகளில் உள்பக்கமாகப் பசையை விரலால் பூசும் வேலை பையனுடையது. அலுப்பான வேலை, யாருக்கும் தெரியாத வேலை. ஆனால் அதில் ஒரு அங்குலம் விட்டுப்போனாலும் மூடிய பெட்டி மூடிய பெட்டியாக இருக்காது.

உஸ்தாதிடம் ஒரு டைரியும் உண்டு. எந்தக் காருக்கு என்ன அளவு என்று பல வருஷத்து அனுபவம் அதில் இருக்கிறது. மாருதி 800-க்கு ஒரு பக்கம், அம்பாஸடருக்கு ஒரு பக்கம். இரண்டு கார்களின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. பக்கங்கள் மட்டும் கிழிக்கப்படாமல் இருக்கின்றன. அந்த டைரிதான் அவர் மூலதனம். அதைப் பையன் கண்ணில் லேசில் காட்ட மாட்டார். காட்டினால் ஆறு மாதத்தில் எதிர்ச் சந்தில் பையன் தனிக்கடை போட்டுவிடுவான் என்ற பயம், அது வீண் பயமும் அல்ல. ஆனால் டைரியில் இருப்பது காரின் அளவு மட்டுமே. அதே டிக்கிக்குள் வேறு வூஃபர் வந்தால் பெட்டியும் மாற வேண்டும் என்பதை டைரி சொல்லாது. மூன்று எண்களைப் படிக்கத் தெரிந்த பையனுக்கு டைரி தேவையில்லை. கணக்குப் போட கைபேசியே போதும். வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருளில் எண்களைக் கொடுத்தால் வளைகோட்டையே வரைந்து காட்டுகிறது. உஸ்தாதுக்கும் பையனுக்கும் இடையே சமநிலை மாறுவது இந்த இடத்தில்தான். சில உஸ்தாதுகள் பையனிடமே கணக்கைக் கொடுத்துவிட்டுத் தட்டிப் பார்க்கும் வேலையைத் தான் வைத்துக்கொள்கிறார்கள். சிலருக்குக் கோபம் வருகிறது.

தில்லியின் விசேஷத் தலைவலி ஒன்று உண்டு: சி.என்.ஜி. டிக்கியைக் கேஸ் சிலிண்டர் எடுத்துக்கொண்ட பிறகு பெட்டிக்கு இடம் எங்கே? அங்கேதான் ஃபைபர் வேலை வருகிறது. சக்கரத்துக்கு மேலே இருக்கும் பக்கவாட்டுக் குழிவில் டேப் ஒட்டி, அதன்மேல் கண்ணாடியிழை மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காகப் பூசி, குழிவின் வடிவத்திலேயே ஒரு ஓடு எடுப்பார்கள். முன்பக்கம் மர வளையம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, அதற்கும் ரெசின். இந்தக் கோணல்மாணல் பெட்டிக்கு லிட்டர் கணக்கு எப்படிப் போடுவது? நீளம் அகலம் உதவாது. நம் ஊரில் படியால் நெல் அளப்பது போல, லிட்டர் குவளையால் தெர்மகோல் மணிகளை அளந்து அளந்து ஓட்டுக்குள் கொட்டிப் பார்ப்பது ஒரு வழி. இதைக் கண்ட பையனுக்குக் கன அளவு என்றால் என்ன என்பது ஜென்மத்துக்கும் மறக்காது.

பெட்டியில் தப்பு நேர்ந்தால் பாட்டு கெடும். வயரில் தப்பு நேர்ந்தால் வண்டி எரியும். பேட்டரியிலிருந்து கிளம்பும் தடித்த வயரில் முதல் அரை மீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தாக வேண்டும். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் இடையே இருக்கும் தகரத்தைத் துளைத்து வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தகரத்தின் விளிம்பு நாளடைவில் உறையை அறுத்து வயரைத் தொடும். அப்போது நடுவில் ஃபியூஸ் இல்லையென்றால் பேட்டரியின் முழு பலமும் அந்தப் புள்ளியில் இறங்கும். அவசரத்தில் விட்டுப்போகிற சாமான்கள் இந்த இரண்டும்தான். மூன்றாவது, பெட்டியைத் தரையோடு முடுக்காமல் விடுவது. வூஃபரோடு சேர்த்து 20 கிலோவைத் தாண்டும் பெட்டி, திடீர் பிரேக்கில் பின்சீட்டுக் குழந்தைகளின் முதுகை நோக்கித்தான் கிளம்பும்.

ஃபியூஸால் இன்னொரு உபயோகமும் உண்டு. ஆம்ப்ளிஃபயர் அட்டையில் 1,000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸ் 20 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 13.8 வோல்ட், இரண்டையும் பெருக்கினால் 276 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். அதில் பழைய ரக ஆம்ப்ளிஃபயர் கணிசமான பங்கை வெப்பமாக வீணாக்கிவிடும். மிச்சத்திலிருந்து 1,000 வாட் எப்படி வெளியே வரும் என்பதை அட்டையை அச்சடித்தவர்தான் சொல்ல வேண்டும். இந்தப் பெருக்கல் தெரிந்த பையன் அதைக் கடை வாசலில் வாடிக்கையாளர் முன்னால் போட்டுக் காட்டக் கூடாது என்பதையும் கூடவே கற்றுக்கொள்கிறான். அப்படிப்பட்ட பெட்டிகளை விற்பதில்தான் முதலாளிக்கு லாபம்.

பையன் உடம்பில் என்ன சேர்கிறது என்பதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. எம்.டி.எஃப். என்பது மர இழைகளை ஃபார்மால்டிஹைட் கலந்த பசையால் அழுத்திய பலகை. அதை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் மாவு போன்ற தூசி பறக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூசியை 1995-லும், ஃபார்மால்டிஹைடை 2004-லும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. சந்தில் இதற்கு இருக்கும் பாதுகாப்பு, முகத்தில் சுற்றிய ஒரு கைக்குட்டை. ஃபைபர் வேலையில் ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போட்டு வேலை செய்கிறவர்கள் குறைவு. தூசிக்கு முகமூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் ஒரு வூஃபரின் விலையில் சின்னப் பங்குகூட ஆகாது.

அடுத்தது காது. இந்தத் தொழிலில் காதுதான் கருவி. அதையே தொழில் தின்கிறது. அமெரிக்காவின் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனமான நையோஷின் கணக்குப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால்மணி. மூடிய காருக்குள் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் வைத்துக் காட்டு" என்று கேட்கும் வாடிக்கையாளர் நாலு பேர் வந்தால் பையனின் ஒரு நாள் பங்கு காலி. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விடுவார். பையனுக்கு அடுத்த கார் காத்திருக்கிறது.

தொழிலின் மேல் அடி விழாமலும் இல்லை. கார்க் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டபோது இந்தச் சந்துகளின் அன்றாட வரும்படியில் ஒரு பெரிய துண்டு போயிற்று. இப்போது கார்க் கம்பெனிகளே தொடுதிரையும் ஸ்பீக்கரும் பொருத்தி அனுப்புகின்றன. ஸ்டீரியோவை மாற்றுகிற வேலை சுருங்கிவிட்டது. வயரில் கை வைத்தால் வாரண்டி போகும் என்று ஷோரூமில் பயமுறுத்துகிறார்கள். சீட்டுக்கடியில் செருகும் ரெடிமேட் சப்வூஃபர்களும், வூஃபரோடு சேர்த்தே வரும் ரெடிமேட் பெட்டிகளும் குவிகின்றன. யாரோ எந்தக் காருக்கோ செய்த பெட்டி அவை. பரவாயில்லை ரகம். அவசரக்காரருக்கு அது போதும்.

பாக்கி இருக்கிறவர்கள் அந்த வூஃபருக்கும் அந்தக் காருக்கும் அளந்து செய்த பெட்டி வேண்டும் என்று தேடி வருகிறவர்கள். கூட்டம் சின்னது, ஆனால் கேள்விகள் அதிகம். எத்தனை லிட்டர், குழாய் எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரிந்த கடைக்கு நகரின் இன்னொரு மூலையிலிருந்து வருகிறார்கள். கணக்குத் தெரிந்த பையனைக் கடைக்காரர் இப்போது டீ வாங்க அனுப்புவதில்லை.

அப்படிப்பட்ட பையன்கள் சிலர் ஒரு வேலை செய்கிறார்கள். மேல் பலகையை ஒட்டி மூடுவதற்கு முன், உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுகிறார்கள்: உள் லிட்டர், குழாயின் நீளம், தேதி. வெளியே கறுப்பு கார்ப்பெட் ஒட்டியதும் அது யார் கண்ணிலும் படாது. நாலைந்து வருஷம் கழித்து வூஃபர் போய், வேறொரு கடையில் வேறொரு பையன் ஸ்க்ரூக்களைக் கழற்றி, அந்த வட்ட ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்க்கும்போது, புது வூஃபருக்கு இந்தப் பெட்டி சரிப்படுமா என்பதை மறுபடி அளக்காமலே சொல்லிவிடலாம்.